முதல் பக்கம் யாருக்கு?

அத்தியாயம் 11

போன வாரம் டாக்ஸிக் கதவைத் திறந்துகொண்டு ஒரு கால் மட்டும் இறங்கி நின்றதே, அது சித்தியின் கால்தான். வேறு யாரோவாக இருக்கும் என்று சந்தேகப்பட்டவர்கள் அம்மாவோடு சேர்ந்துகொள்ளலாம். "அவளாவது, இந்த வாசலை மிதிக்கிறதாவது" என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள் அம்மா. கார் சத்தம் கேட்டதும் மாடி ஜன்னல் திரையை இரண்டு விரல் அகலம் விலக்கிப் பார்த்தவளும் அவளேதான்.

"இளைச்சுப் போயிருக்கா," என்றாள் அம்மா, திரையிடம்.

பக்கத்தில் நின்ற வாண்டுவுக்கு அது நன்றாகக் கேட்டது. கேட்காத மாதிரி படியிறங்கி ஓடினாள்.

வாண்டுவுக்கு வயது முப்பத்தொன்று. வீட்டின் கீழ்த்தளத்துப் பட்டறையில், இசைத்தட்டு அடிக்கிற, அவளைவிட உயரமான ரெக்கார்டு பிரஸ்ஸைத் தனியாளாக ஓட்டுகிறவள். நீராவிக் குழாய் சீறினால் எந்த வால்வு என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். ஆனாலும் பிறந்த மூன்றாம் நாள் சித்தி வைத்த செல்லப் பெயர் அவளை விட்டுப் போகவில்லை. அவளும் விடச் சொல்லவில்லை.

சித்திக்குப் பின்னால் டாக்ஸிக்காரர் ஒரு பெட்டியை இறக்கினார். இறக்கினார் என்று சொல்வது சுலபம். அவர் ஒரு முனையையும் வாண்டு ஒரு முனையையும் பிடித்து, நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கி, ஒரு வழியாகப் படிக்கட்டு ஏற்றிக் கூடத்து மூலையில் வைத்தார்கள்.

"ஒரு மணி நேரம்தான் இருப்பேன்னு போன்ல சொன்னியே சித்தி?"

"ஒரு மணி நேரம்தான்."

"அப்ப பெட்டி?"

"அது கெடக்கட்டும் விடு. கையெல்லாம் என்னடி இப்படிச் சுட்டு வெச்சிருக்கே?"

சித்தி அவளுடைய கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிரஸ் ஓட்டுகிற எவருக்கும் இருக்கிற சின்னச் சின்னத் தழும்புகள்தான். ஆனால் யாராவது இப்படிப் பிடித்துப் பார்த்து வாண்டுவுக்கு வெகுகாலமாகிவிட்டது. மூன்று வருஷம் திருட்டுத்தனமாகப் போனில் கெஞ்சியதெல்லாம் இந்த ஒரு நிமிடத்துக்கே சரியாகப் போய்விட்டது என்று தோன்றியது.

சண்டையின் கதை பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடலாம். சண்டையும் சின்னத் தட்டைப் பற்றியதுதான், அதிக நேரம் ஆகாது.

ஏழு அங்குல சிங்கிள் தட்டு என்பது ஒரு கறாரான சாமான். பெரிய எல்பி தட்டில் பத்துப் பாட்டுப் போட்டு, நாலைந்தை ஒப்பேற்றிவிடலாம். சிங்கிளில் அந்தச் சாமர்த்தியம் பலிக்காது. பக்கத்துக்கு ஒரு பாட்டு, மூன்று நிமிடம். அதற்கு மேல் ரொம்ப நீட்டினால் சத்தம் மெலிந்து போகும். நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்றாகச் சுற்றி முடிந்த பிறகு, மறுபடி கேட்க வேண்டுமென்றால் எழுந்து போகத்தான் வேண்டும். விரலால் தொட்டாலே ஆயிரம் பாட்டுக் கொட்டுகிற இந்தக் காலத்திலும், எழுந்து போய்த் திருப்பிப் போடுகிற அந்தச் சுகத்துக்காகவே இருபது வயதுப் பிள்ளைகள் வந்து வாங்கிப் போகிறார்கள்.

முதல் பக்கத்தில் ஓடப் போகிற பாட்டு. இரண்டாம் பக்கத்தில் அதற்குத் துணையாக ஒன்று. அதுதான் அந்தக் காலத்து வழக்கம். ரேடியோக்காரர்களும் காசு போட்டால் பாடுகிற ஜூக்பாக்ஸ்காரர்களும் முதல் பக்கத்தைத்தான் போடுவார்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க அவர்களுக்கு ஏது நேரம்? அதனால் ஒரே தட்டில் அக்கா ஒரு பாட்டும் தங்கை ஒரு பாட்டும் பாடினால், யாருக்கு எந்தப் பக்கம் என்பது சின்ன விஷயமில்லை.

முப்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால் அம்மாவும் சித்தியும் அப்படித்தான் பாடினார்கள். "உன் பாட்டுதாம்மா முதல் பக்கம்" என்று கம்பெனி முதலாளி அம்மாவிடம் வாயால் சொன்னார். தட்டு வந்தபோது முதல் பக்கத்தில் இருந்தது சித்தியின் பாட்டு. அது ஜூக்பாக்ஸ் ஜூக்பாக்ஸாகப் போய் ஊரெல்லாம் ஓடியது. அம்மாவின் பாட்டு பின்பக்கத்தில் படுத்துத் தூங்கியது. ஏன் மாறியது என்று கேட்பதற்குள் முதலாளி கம்பெனியை விற்றுவிட்டுக் கண்காணாமல் போய்விட்டார்.

அம்மா ஒன்பது வருஷம் அதை மனசுக்குள்ளேயே வைத்திருந்தாள். கல்யாணம் ஆகி, வாண்டு பிறந்து, சித்தியும் அதே வீட்டில்தான் இருந்தாள். வாண்டுவின் ஆறாவது பிறந்த நாளன்று அது வெடித்தது. விருந்தாளிகள் நிறைந்த கூடத்தில் அந்தத் தட்டு பாடியது. எல்லோரும் சித்தியைப் பார்த்துக் கை தட்டினார்கள். அம்மா சொன்னாள்: "முதலாளியைத் தனியாப் போய்ப் பார்த்து முதல் பக்கத்தை வாங்கினவதானே இவ."

அன்று சாயங்காலமே சித்தி அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனாள். இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. அன்றைக்கு அந்தத் தட்டை எடுத்துச் சுழல விட்டது யார் என்று இந்த வீட்டில் ஒருவரும் பேசுவதில்லை. வாண்டுவுக்கு மட்டும் அது மறக்கவில்லை, ஏனென்றால் சுழல விட்டது அவள்தான்.

அப்படியிருக்க, பழைய சிங்கிள்களைத் தேடிப் பிடித்து, சனிக்கிழமை தோறும் அவற்றைப் போட்டு நடனமாடுகிற ஒரு குழு கடிதம் எழுதியது. எவனோ ஒருவன் பழைய தட்டைத் திருப்பிப் போட்டுவிட்டானாம். பின்பக்கத்து அம்மா பாட்டுக்கு இப்போது நானூறு பேர் ஆடுகிறார்கள். ஒலிநாடாவைக்கூட அவர்களே எங்கிருந்தோ கிளறி எடுத்துவிட்டார்கள். பழைய தட்டு எப்படி இருந்ததோ அச்சு அசலாக அப்படியே ஐந்நூறு பிரதி வேண்டும். பத்து நாளில் பெரிய ஆட்டம். பாடிய இருவரும் கேட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும்.

போதுமாம். எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டார்கள்.

தட்டைப் போட்டுக் கேட்கிற அறையில் ஒரு நீள சோபா. சித்தி இந்தக் கோடியில். அம்மா அந்தக் கோடியில். நடுவில் வாண்டு, தபால்பெட்டி மாதிரி.

"வந்திருக்கிறவங்களுக்கு டீ வேணுமான்னு கேளு," என்றாள் அம்மா.

"சர்க்கரை போடாமன்னு சொல்லு," என்றாள் சித்தி.

அம்மா தலையைத் தூக்கினாள். "எப்பலேருந்து சர்க்கரை போடறதில்லன்னு கேளு."

"ஏழு வருஷமாம்னு சொல்லு."

அம்மா எழுந்து போனாள். வரும்போது டீயோடு ஒரு தட்டில் கிரீம் பிஸ்கட்டுகள் இருந்தன. சித்தியின் பக்கத்தில் வைத்தாள். ஒரு கணம் நின்றாள். தட்டை எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனாள். உப்பு பிஸ்கட்டோடு திரும்பி வந்தாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை.

வாண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றரை. ஐந்நூறு தட்டு அடிக்க நாலு மணி நேரம் வேண்டும். ஆறு மணிக்கு அச்சு மாற்ற ஆட்கள் வந்துவிடுவார்கள். நாளையிலிருந்து பிரஸ் பெரிய எல்பி தட்டுக்குப் போகிறது. அப்புறம் நாலு மாதத்துக்கு சிங்கிள் கிடையாது. இரண்டு மணிக்குள் முடிவு தெரியாவிட்டால் இந்தத் தட்டும் இல்லை. இந்த இரண்டு பேரையும் ஒரே சோபாவில் உட்கார வைக்க இன்னொரு சாக்கும் கிடைக்காது.

"அம்மா, சித்தி, கேளுங்க. எல்லாம் தயார். லேபிளும் தயார். முதல் பக்கம் எது, ரெண்டாம் பக்கம் எதுன்னு மட்டும் சொன்னா, நான் கீழ போயிடுவேன்."

"முதலாளி சொன்னது என் பாட்டுன்னு சொல்லு," என்றாள் அம்மா.

சித்தி டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். "முதல் பக்கம் வேணும்னு நான் அன்னிக்கும் கேக்கல, இன்னிக்கும் கேக்கல. ஆனா இப்ப மாத்தினா, அன்னிக்கு நான் திருடினேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அதனால மாத்தக் கூடாதுன்னு சொல்லு."

"மாத்தலேன்னா திருடினது நியாயம்னு ஆயிடும்னு சொல்லு."

"ரெண்டு பக்கத்துக்குமே ‘முதல் பக்கம்’னு லேபிள் போட்டுடலாமா?" என்று வாண்டு குறுக்கே புகுந்தாள். "அந்தக் காலத்துலயே அப்படிப் போட்ட சிங்கிள் உண்டு."

கதவருகே நின்றிருந்த அப்பா சட்டென்று உயிர் வந்தவராகப் பேசினார். "நல்ல யோசனை. நான் ஒண்ணு சொல்லட்டுமா? லேபிளே வேணாம். வெறும் வெள்ளையா விட்டுடலாம். இப்ப அதுவும் ஒரு பாணிதான்."

"ரெண்டும் முதல்னா ரெண்டும் ரெண்டாவதுதான்," என்றாள் அம்மா. "எனக்கு அந்தப் பிச்சை வேணாம்னு சொல்லு."

"எனக்கும்தான் வேணாம்னு சொல்லு," என்றாள் சித்தி.

"இந்த ஒண்ணுலயாவது ஒத்துப் போறீங்களே," என்றாள் வாண்டு. யாரும் சிரிக்கவில்லை. அப்பா மட்டும் தேவைக்கு மேல் சிரித்தார். காலையிலிருந்தே அவர் ஒரு மாதிரியாகத்தான் இருந்தார். எண்ணெய் டப்பாவை இரண்டு தடவை கவிழ்த்தார். சட்டையை உள்புறம் வெளியே தெரிய மாட்டியிருந்தார்.

"சரி, பழைய தட்டைக் கொடு சித்தி. புதுசை அதோட ஒத்துக் கேக்கணும். தூசி தட்டிட்டு வரேன்."

சித்தி கைப்பையிலிருந்து காகித உறையை எடுத்தாள். கூடவே சின்னதாக, மஞ்சள் நிறத்தில், மூன்று கை நீட்டிய ஒரு பிளாஸ்டிக் வில்லை. ஜூக்பாக்ஸின் இரும்புக் கை பிடிப்பதற்காக சிங்கிளுக்கு நடுவில் பெரிய ஓட்டை வைப்பார்கள். வீட்டு மெஷினின் ஒல்லிக் கம்பியில் மாட்ட நடுவில் இந்த வில்லை வேண்டும்.

"இது தட்டுலயே மாட்டியிருந்தது, தெரியாம எடுத்துட்டுப் போயிட்டேன்," என்றாள் சித்தி. "திருப்பிக் கொடுத்துட்டேன்னு சொல்லு."

"அதைத் தேடி வீட்டையே ஒரு மாசம் கவிழ்த்துப் போட்டேன்னு சொல்லு," என்றாள் அம்மா. ஆனால் குரலில் முன்னிருந்த வெட்டு இல்லை.

பட்டறையில் சோதனை விளக்கின் கீழே தட்டைப் பிடித்தாள் வாண்டு. இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு அதைக் கையில் எடுக்கிறாள். சித்தி அதைக் கண்ணாக வைத்திருந்திருக்கிறாள். ஒரு கீறல் இல்லை.

"பழசை எதுக்கு இவ்வளவு வெளிச்சத்துல காட்டறே?" என்று அப்பா பின்னாலேயே வந்துவிட்டார். "கண்ணு கெட்டுடும். கொடு, நான் துடைச்சுத் தரேன்."

"முப்பத்தொரு வருஷத்துல ஒரு தட்டைத் துடைக்க நீங்க வந்ததுண்டாப்பா?"

பாட்டின் வரிகள் முடிகிற இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே வழவழப்பாக ஒரு வெற்று வளையம் இருக்கும். மூலத் தட்டைச் செதுக்குகிறவர் அந்த வளையத்தில் ஊசியால் ஒரு எண்ணைக் கீறுவார்: ரெக்கார்டு எண், அப்புறம் பக்கத்தின் எண். லேபிள் பிற்பாடு வருகிற காகிதம். யாரும் எங்கேயும் வைக்கலாம். அந்தக் கீறல் அப்படியில்லை. அது தட்டோடு பிறந்த மச்சம்.

‘முதல் பக்கம்’ என்று லேபிள் சொன்ன பக்கத்தில், சித்தியின் பாட்டு முடிகிற இடத்தில், கீறியிருந்தது: 118 - 2.

வாண்டு கண்ணைக் கசக்கிக்கொண்டாள். பூதக்கண்ணாடியை எடுத்தாள். இரண்டுதான். திருப்பினாள். ‘இரண்டாம் பக்கம்’ என்ற லேபிளுக்கு மேலே, அம்மாவின் பாட்டில், மெல்லிய சாய்வுக் கையெழுத்தில்: 118 - 1.

கம்பெனி அம்மாவின் பாட்டைத்தான் முதல் பக்கமாகச் செதுக்கியிருக்கிறது. முதலாளி சொன்ன சொல் மாறவில்லை. சித்தி யாரையும் தனியாகப் போய்ப் பார்க்கவில்லை. பிரஸ்ஸில் லேபிள் இடம் மாறி விழுந்திருக்கிறது. அந்தக் கம்பெனி எல்லா ரெக்கார்டுக்கும் ஒரே லேபிள் அடிக்கிற கஞ்சக் கம்பெனி. பாட்டின் பெயர் உறையில் மட்டும்தான் இருக்கும், அதுவும் எந்தப் பக்கம் எது என்று போடாமல். மாறி விழுந்தால் கண்டுபிடிக்க ஆளில்லை.

அந்தக் கம்பெனியில் அப்போது லேபிள் போடுகிற வேலை பார்த்தது யார்?

பின்னால் தகரத் தட்டு விழுந்து உருண்டது. புது லேபிள்கள் தரையெல்லாம் சிதறின. அப்பா அவற்றைப் பொறுக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"தெரியுமாப்பா உங்களுக்கு?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"அடிச்ச மூணாம் நாளிலேருந்து."

வாண்டுவுக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. மேலே இரண்டு பேர் இருபத்தைந்து வருஷத்தைத் தொலைத்துவிட்டு உப்பு பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறார்கள். சொன்னால் அவர்கள் சேர்ந்துவிடுவார்கள். ஆனால் இந்த மனுஷனின் கதி என்ன?

"நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?" என்றாள் கடைசியில்.

அப்பா எழுந்தார். கை கழுவினார். சட்டையைக் கழற்றிச் சரியான பக்கம் மாட்டிக்கொண்டார். பாய்லர் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலைகூட வாரிக்கொண்டார். "நானே சொல்றேன்," என்று படியேறினார். வாண்டு தட்டையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

சோபாவுக்கு எதிரில் நின்றுகொண்டு அப்பா ஒரே மூச்சில் சொன்னார்.

"லேபிளை யாரும் ஒட்டறதில்ல, உங்களுக்கே தெரியும். அடுப்புல காய வெச்சு, அச்சுக்கு மேல ஒண்ணு கீழ ஒண்ணு வெச்சா, சூட்டுல பிளாஸ்டிக்கோட வெந்து ஒட்டிக்கும். அப்புறம் பிய்க்க முடியாது. முதல் பக்கத்து லேபிள் இடது பக்கப் பெட்டி, ரெண்டாம் பக்கம் வலது பக்கப் பெட்டி. தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். அன்னிக்கு அடுப்புலேருந்து எடுத்து, மாத்தி வெச்சுட்டேன்."

"எதை மாத்தி?" என்றாள் அம்மா. முகம் வெளுத்துவிட்டிருந்தது.

வாண்டு தட்டை நீட்டினாள். பூதக்கண்ணாடியை முதலில் அம்மா வாங்கினாள். அப்புறம் சித்தி. இரண்டு பேரும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கீறின எண்ணுக்கு அர்த்தம் சொல்லித் தர அந்த இரண்டு பேருக்கும் அவசியமில்லை. லேபிளைத் தாண்டி அதை உற்றுப் பார்க்கத்தான் இத்தனை வருஷம் யாருக்கும் தோன்றவில்லை.

"ஏன் மாறிச்சு?" என்றாள் அம்மா.

அப்பா தரையைப் பார்த்தார். "தட்டு அடிக்கிறதைப் பாக்கணும்னு நீ வந்திருந்தே. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்னே. நான் உன்னைப் பாத்துக்கிட்டே பெட்டியில அடுக்கினேன்."

சித்தி தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். அப்பாவே தொடர்ந்தார்.

"மூணாம் நாள் தெரிஞ்சுது. சொன்னா வேலை போயிடும்னு பயம். அதுக்குள்ள பாட்டு ஓட ஆரம்பிச்சுடுச்சு. அப்புறம் நம்ம கல்யாணம். அப்புறம் எந்த வாயால சொல்றது? வருஷம் ஏற ஏற வாய் சின்னதாயிட்டே போச்சு. அந்தப் பிறந்த நாளன்னிக்கு நிஜமாவே சொல்ல வந்தேன். ‘நடுவுல பேசாதீங்க’ன்னுட்டே."

"அதை மட்டும் அவ்வளவு ஒழுங்காக் கேட்டீங்களாக்கும்," என்றாள் அம்மா.

குரல் பாதியில் உடைந்தது. அவளுடைய பாட்டைத்தான் கம்பெனி முதலில் வைத்திருந்தது. முப்பத்து நாலு வருஷமாக அவள் கேட்க ஆசைப்பட்ட சேதி அதுதான். ஆனால் அந்தச் சந்தோஷம் வருவதற்கு முன்னால், கூடம் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு தங்கையைச் சொன்ன சொல் முன்னால் வந்து நின்றுவிட்டது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"வாண்டு, அவகிட்ட சொல்லு..." என்று ஆரம்பித்தாள். "சொல்லு, நான்... எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுடி சொல்றது."

‘வந்திருக்கிறவங்க’ போய் ‘அவ’ வந்துவிட்டதை வாண்டு கவனித்தாள்.

சித்தி மூக்கை உறிஞ்சினாள். "ஒண்ணும் சொல்ல வேணாம்னு சொல்லு. முதல் பக்கத்தை அவங்களுக்கே போடச் சொல்லு. அதுதானே நிஜம்."

"கூடாதுன்னு சொல்லு," என்றாள் அம்மா உடனே. "அவ பாட்டுதான் முதல்ல இருக்கணும்."

"அவங்க பாட்டுதான்."

"அவ பாட்டுதான்னு சொல்றேன்ல."

காலையில் ‘எனக்கு’ என்று நடந்த சண்டை இப்போது ‘உனக்கு’ என்று நடந்தது. மணி ஒன்றே முக்கால். வாண்டு தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என் பாட்டை எவனோ ஒருத்தன் எழுந்து போய்த் திருப்பிப் போட்டுத்தான் கண்டுபிடிச்சிருக்கான். முதல்ல இருந்திருந்தா ரேடியோவுல நாலு மாசம் ஓடி மறந்திருப்பாங்க. இப்ப நானூறு பேர் ஆடறாங்களாம். எனக்கு அந்தப் பக்கமே போதும். அது என் பக்கம்." அப்பாவைப் பார்த்தாள். "முப்பத்து நாலு வருஷத்துக்கு முன்ன எப்படிப் போட்டீங்களோ அப்படியே போடுங்க. இந்தத் தடவை தெரிஞ்சே போடுங்க."

அப்பா தலையாட்டினார்.

"அப்புறம் இன்னிக்கு அவருக்கு டீ கிடையாதுன்னு சொல்லு," என்றாள் அம்மா.

"நானும் அதைத்தான் சொல்ல இருந்தேன்னு சொல்லு," என்றாள் சித்தி. "ஒரு வாரத்துக்குக் கிடையாதுன்னு சொல்லு."

இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சித்தியிடம் பேனா இல்லை. அம்மாவின் பேனாவை வாண்டு வழியாக இல்லாமல் நேராகவே வாங்கிக்கொண்டாள்.

பட்டறையிலும் ஒரு கண்ணாடித் தடுப்பு உண்டு. அதற்கு அந்தப் பக்கம் அக்காவும் தங்கையும் வந்து நின்றார்கள். வாண்டு வால்வைத் திறந்தாள். அப்பா சிதறின லேபிள்களைப் பொறுக்கித் துடைத்து, சூடு காட்டி, இடது பெட்டியையும் வலது பெட்டியையும் மூன்று தடவை சரிபார்த்தார். பிறகு கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்.

"ஏம்ப்பா?"

"எதுக்கு வம்பு," என்றார் அப்பா.

கண்ணாடிக்கு வெளியே அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது தெரிந்தது. அப்பா அதைப் பார்க்கவில்லை. வாண்டு பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

உருக்கிய பிளாஸ்டிக்கின் கருப்பு உருண்டை உள்ளே போயிற்று. பிரஸ் மூடி, சீறி, குளிர்ந்து, திறந்தது. விளிம்பில் பிதுங்கியிருந்ததை வெட்டி, இன்னும் வெதுவெதுப்பாக இருந்த முதல் தட்டைக் கேட்கிற அறைக்கு எடுத்துப் போனாள் வாண்டு. அக்காவும் தங்கையும் பின்னாலேயே வந்து அவரவர் கோடியில் உட்கார்ந்தார்கள். மஞ்சள் வில்லையை நடுவில் அழுத்திப் பொருத்தினாள். ஆறு வயதில் இதே பாட்டைச் சுழல விட்ட கைதான். ஊசியை வைத்துவிட்டு நடுவில் போய் உட்கார்ந்தாள்.

சித்தியின் பாட்டு மூன்று நிமிடம் ஓடியது. அம்மா முழுசாகக் கேட்டாள். நடுவில் ஒரு இடத்தில், தன்னை அறியாமல், இருபத்தைந்து வருஷமாக முணுமுணுக்காத வரியை முணுமுணுத்தாள்.

பாட்டு முடிந்து, ஊசி வெற்று வளையத்தில் டிக், டிக் என்று சுற்றியது. வாண்டு எழுவதற்குள் சித்தி எழுந்தாள். தட்டை விளிம்பில் பிடித்து எடுத்தாள், திருப்பினாள், வைத்தாள். அம்மாவின் இருபத்திரண்டு வயதுக் குரல் அறைக்குள் வந்தது. எவ்வளவு துள்ளலான பாட்டு அது. நானூறு பேர் ஆடாமல் என்ன செய்வார்கள்?

சித்தி தன் கோடிக்குத் திரும்பிப் போகவில்லை. சோபாவின் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். வாண்டு தள்ளி இடம் விட்டு, சந்தடியில்லாமல் எழுந்து கதவருகே போய் நின்றாள். தபால்பெட்டிக்கு இனி வேலையில்லை.

அம்மாவின் கண் திறந்திருந்த கதவு வழியாகக் கூடத்து மூலைக்குப் போயிற்று. அந்தப் பெட்டியின் கைப்பிடியில் ஒரு அட்டை தொங்கியது. அதில் எழுதியிருந்த விலாசம் பேனாவால் குறுக்கே அடிக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே புது விலாசம் எழுதுகிற இடம் காலியாக இருந்தது.

அம்மா அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தங்கையின் பக்கம் திரும்பினாள். வாண்டுவிடம் சொல்லச் சொல்லவில்லை.

"ஒரு மணி நேரத்துக்கு வந்தவளுக்கு எதுக்குடி இவ்வளவு பெரிய பெட்டி?"

சித்தி தட்டு சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கையை நீட்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாட்டு முடியட்டும்க்கா. சொல்றேன்."

பாட்டு முடிய இன்னும் ஒரு நிமிடம் இருந்தது.